ஜெல் பூச்சு: நகம் கெடும் இடம் எது?

கொழும்பில் கலியாணப் பெண்ணின் விரல் என்றால் ஒரு காலத்தில் முதல் நாள் இரவு அரைத்து வைத்த மருதாணியும், காலையில் அக்காமார் பூசிவிடும் சிவப்புக் கியூட்டெக்ஸும்தான். இப்போது வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் புடவைக் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் சலூன்களில், தாலிகட்டுக்கு இரண்டு நாள் முன்பே மணப்பெண்ணும் தங்கையும் சித்தியும் வரிசையாக உட்கார்ந்து, சிறு பெட்டி விளக்குகளுக்குள் விரலை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். கலியாணத்துக்கென்று தொடங்கியது பிறகு மாதாந்தப் பழக்கமாகிவிடுகிறது. அதில் வியப்பில்லை. சாதாரணக் கியூட்டெக்ஸ் நம் வீட்டுச் சமையலறையில் மூன்று நாள் தாங்காது. தேங்காய் திருவி, மீன் கழுவி, சட்டி தேய்த்தால் நுனியில் உரிந்துவிடும். ஜெல் இரண்டு, மூன்று வாரம் மங்காமல் நிற்கிறது. (மஞ்சள்தூள் மட்டும் அதையும் விடுவதில்லை. வெளிர் நிறம் பூசிக்கொண்டு கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியும்.)

இந்தப் பழக்கத்தோடு சேர்ந்து சில பயங்களும் வந்திருக்கின்றன. நகம் மூச்சு விட முடியாமல் போகுமாம், அந்த விளக்கு புற்றுநோய் கொண்டுவருமாம். சலூனுக்குப் போகும் பெண்களும் அவர்களைத் தடுக்கும் அம்மாமாரும் இவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். முதலாவது பயத்துக்கு அடிப்படையே இல்லை. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் பேச்சு உண்மையைவிடப் பெரிதாகிவிட்டது. ஜெல்லால் வரும் கேட்டில் பெரும்பகுதி வேறு இரண்டு இடங்களில் நடக்கிறது: பூச்சை எடுக்கும்போது நகத்தின் மேல், பூசும்போது நகத்தைச் சுற்றியுள்ள தோலில். இந்த இரண்டைப் பற்றியும் சலூனில் யாரும் கேட்பதில்லை.

மூச்சுக் கதையை முதலில் முடித்துவிடலாம். நாம் நகம் என்று பார்ப்பது உயிரற்ற கெரட்டின் தகடு. அரை மில்லிமீற்றர் அளவுதான் அதன் தடிப்பு. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், நகத்தின் வேரில் இருக்கிறது; கட்டைவிரலில் வெள்ளைப் பிறையாகத் தெரிவது அதன் முன் ஓரம். அதற்கு வேண்டிய ஒட்சிசனும் சத்தும் இரத்தத்தின் வழியாகத்தான் போகின்றன, மேலிருந்து காற்றாகப் போவதில்லை. அதனால் பூச்சை எடுத்துவிட்டு இரண்டு வாரம் நகத்தைச் சும்மா விட்டால் அது 'மூச்சு வாங்கி' மீண்டுவிடும் என்பது வெறும் நம்பிக்கை. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளர்கிறது. வேரில் பிறந்த பகுதி நுனிக்கு வந்துசேர ஆறு மாதம் வரை ஆகும். காலில் ஒரு வருடத்துக்கும் மேல். உயிரற்ற தகட்டில் விழுந்த கீறல் தானாக ஆறாது, வளர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போக வேண்டும். ஆகவே இடைவெளி விடுவது என்றால் மாதக் கணக்கில் விட வேண்டும்.

அடுத்தது, ஜெல் என்பது என்ன? பலர் நினைப்பதுபோல் அது கொஞ்சம் கெட்டியான கியூட்டெக்ஸ் அல்ல. சாதாரணக் கியூட்டெக்ஸில் நைட்ரோசெலுலோஸ், எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கிறது. பூசியதும் கரைப்பான் ஆவியாகி, படலம் மிஞ்சுகிறது. அசிட்டோன் பட்டால் அது மறுபடியும் கரைந்துபோகும். ஜெல்லில் எதுவும் காய்வதில்லை. அதில் இருப்பவை அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள். விளக்கின் கதிர் பட்டதும், ஜெல்லில் கலந்திருக்கும் ஒளி உணரும் பொருள் உடைந்து வினையைத் தொடக்கிவைக்கிறது. அந்தச் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பிளாஸ்டிக்காகின்றன. அந்தக் கணத்தில் நகம் சுரீரென்று சுடுவதும் இந்த வினையின் வெப்பத்தால்தான். நகம் மெலிந்தவர்களுக்கும் தடிப்பாகப் பூசியவர்களுக்கும் அந்தச் சூடு அதிகமாகத் தெரியும்.

இந்த வேதியியல் அழகுக்கலையில் பிறந்ததல்ல, பல் வைத்தியத்திலிருந்து வந்தது. 1954இல் ஃபிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், ஒடிந்த தன் நகத்தைப் பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்கால் ஒட்டுப்போட்டார். செயற்கை நகத்தின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். 1980களில் ஒளியில் இறுகும் ஜெல் வந்தது. போத்தலிலிருந்து தூரிகையால் பூசி, அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கக்கூடிய இன்றைய ஜெல் பூச்சு 2010ஐ ஒட்டித்தான் உலகச் சந்தையைப் பிடித்தது. பல்லை அடைத்துவிட்டு வைத்தியர் நீல ஒளி பாய்ச்சுவாரே, அதுவும் இதே உறவுதான். இந்த உறவு பின்னால் ஒரு சிக்கலாகத் திரும்பி வருகிறது.

குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பிளாஸ்டிக் அசிட்டோனில் கரையாது. ஊறும், உப்பும், பிடி தளரும், அவ்வளவுதான். எனவே எடுப்பதற்கு நேரம் வேண்டும். மேற்பூச்சின் பளபளப்பை அரத்தால் உரசி உடைத்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஒவ்வொரு நகத்திலும் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். சரியாக ஊறியிருந்தால் ஜெல் ஓரங்களில் சுருண்டு எழும்பியிருக்கும். மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு வரும். வராத இடத்தில் பஞ்சைத் திரும்ப வைத்து இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். இந்த ஐந்து நிமிடம்தான் கொழும்பில் கிடைக்காத பொருள். சனிக்கிழமை மாலை, வாசலில் நாலு பேர் காத்திருக்க, நாற்காலியில் இருப்பவரோ ஏழு மணி வரவேற்புக்குப் போக வேண்டியவராக இருந்தால், இரும்புச் சுரண்டி வெளியே வரும். அல்லது சுழலும் அரம். அசிட்டோனே தேவையில்லை என்று அந்த மின் அரத்தால் சீவிக்கொண்டே போகிறார்கள். பழகிய கைக்கு ஜெல் எங்கே முடிகிறது, நகம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். பழகாத கைக்கு நகம் தேய்ந்து, விரல் சுடத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

அப்படிச் சீவப்பட்ட நகங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். தோலோரத்துக்கு இணையாகச் சிவந்த வளைகோடு ஒன்று நகத்தில் ஓடும். சுழலும் அரத்தின் முனை சாய்ந்து, நகத்தகட்டில் பள்ளம் விழுத்திய இடம் அது. தகடு மெலிந்துவிட்டதால் அடியிலுள்ள சதையின் நிறம் மேலே தெரிகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சலூனுக்குப் போகும் சிலரிடம் இப்படி இரண்டு, மூன்று கோடுகள் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். நகம் அந்த மூன்று வாரத்தில் வளர்ந்த தூரம் அது. எந்தெந்த வாரம் யாரிடம் கையைக் கொடுத்தோம் என்று அந்த நகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உரித்தெடுக்கும் பழக்கம் இதைவிட மோசம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் நெரிசலில் நிற்கும்போது, ஓரம் எழும்பிய ஜெல்லை மறுகை நகத்தால் நெம்பிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கலாம். கை சும்மா இருக்காது, விளங்குகிறது. ஆனால் முழுசாகக் கழன்று வரும் அந்தத் துண்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக மாப்போல ஒரு படலம் ஒட்டியிருக்கும். அது ஜெல் அல்ல, உங்கள் நகத்தின் மேலடுக்கு. அது போன இடத்தில் நகம் சொரசொரப்பாக, வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். பங்கசு பிடித்துவிட்டது என்று நினைத்துப் பாமசியில் மருந்து வாங்கிப் பூசுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பங்கசு அல்ல, உரிந்த தழும்புதான்.

மருதானை, தெமட்டகொடைப் பக்கம் ஒரு வேறுபாடு இருக்கிறது. நகத்தில் தண்ணீர் படாமல் மறைக்கும் படலம் இருந்தால் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழூ நிறைவேறாது என்பதால், முஸ்லிம் பெண்கள் பலர் ஜெல்லைத் தவிர்க்கிறார்கள், அல்லது விசேஷ நாளுக்கு மட்டும் போட்டுக்கொண்டு உடனே எடுக்கப் பார்க்கிறார்கள். அடிக்கடி எடுப்பது என்றாலே தேய்மானம் கூடும். மருதாணிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது படலமாக நிற்காமல் கெரட்டினுக்குள் இறங்கிச் சாயமேற்றுகிறது. இலையை அரைத்து வைக்கும் மருதாணியைத்தான் சொல்கிறேன். கடையில் கறுப்பு மருதாணி என்று விற்பதில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற பொருள் கலந்திருப்பது உண்டு. அது தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

ஜெல் நகத்தை மெலிய வைக்கிறதா என்பதை ஆராய்ச்சியில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மயாமியைச் சேர்ந்த தோல் வைத்தியர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவரின் நகத்தைப் பூசுவதற்கு முன்பும் எடுத்த பின்பும் மீயொலியால் அளந்தபோது அது மெலிந்திருந்தது. மெலிவுக்குக் காரணம் ஜெல்லா, அசிட்டோனா, சுரண்டலா என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரேயொருவரை அளந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஆனால் சிதைந்த நகங்களின் வடிவத்தைப் பார்க்கும்போது, அரமும் சுரண்டியும் தப்பிக்கொள்வதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

இதுவரை சொன்னது ஆறு மாதத்தில் வளர்ந்து போய்விடும் கேடு. இனிச் சொல்வது போகாதது.

இறுகிய ஜெல் பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்யாது. இறுகாத ஜெல்தான் ஒவ்வாமையைக் கொண்டுவருவது. அந்த மெத்தாக்ரிலேட் குடும்பத்தில் 'ஹேமா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹைட்ரொக்சி எத்தில் மெத்தாக்ரிலேட் பலருக்குத் தெரிந்த பெயராகிவிட்டது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் தோலுக்குள் எளிதாக நுழைந்துவிடும். முதல் தடவை எதுவும் நடக்காது. பத்தாவது தடவையும் நடக்காமல் இருக்கலாம். அதற்குள் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரியென்று பழகிக்கொள்கின்றன. பிறகு ஒருநாள், வழக்கமான சலூனில், வழக்கமான நிறம் பூசிய மறுநாள், நகக்கண்ணைச் சுற்றி அரிப்பும் சிவப்பும் எழும். விரல் நுனி வரண்டு வெடிக்கும். நகம் அடியிலுள்ள நகப்படுக்கையிலிருந்து எழும்பத் தொடங்கும். கண் இமை, கன்னம், கழுத்து என்று கை பட்ட இடமெல்லாம் தடித்துச் சொறியலாம். கண் இமை வீங்கி வந்தவர் நகத்தைச் சந்தேகிக்கமாட்டார். புதுக் கண்மையைத்தான் தூக்கியெறிவார். ஒரு தடவை உடல் பழகிவிட்டால் அந்த ஒவ்வாமை ஆயுள் முழுவதும் இருக்கும்.

பிரித்தானியத் தோல் வைத்தியர்கள் சங்கம் 2018இல் இதைப் பற்றி எச்சரித்தது. தோல் சிகிச்சை நிலையங்களில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 2.4 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மெத்தாக்ரிலேட் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஏற்கெனவே தோல் தொல்லையோடு வந்தவர்களின் கணக்கு அது. ஊரில் உள்ள எல்லோருடைய கணக்கும் அல்ல. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2012ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாகவே அக்ரிலேட்டுகளைத் தெரிவுசெய்திருந்தது.

ஆயுள் முழுவதும் என்பதன் பாரம் நகத்தோடு நிற்பதில்லை. பல் அடைக்கும் பசை, முழங்கால் மூட்டு மாற்றும்போது எலும்பை ஒட்டவைக்கும் சீமெந்து, நீரிழிவுக்காரர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் அளவிடும் வில்லையின் பசை எல்லாவற்றிலும் இதே குடும்பத்து வேதிப்பொருட்கள் இருக்கின்றன. இருபத்தைந்து வயதில் பூசிய இளஞ்சிவப்பு நிறம் அறுபது வயதில் மூட்டு வைத்தியரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய விடயமாகலாம். ஜெல் ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் பல் வைத்தியரிடமும் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இறுகாத ஜெல் தோலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? பூசும்போது தூரிகை வழிந்து நகக்கண்ணில் தேங்குவது ஒரு வழி. அதை விரலாலேயே வழித்துவிட்டு விளக்குக்குள் வைப்பவர்களும் உண்டு. ஒரு கம்பனியின் ஜெல்லை இன்னொரு கம்பனியின் விளக்கில் வைப்பது இரண்டாவது வழி. ஒவ்வொரு ஜெல்லும் குறிப்பிட்ட அலைநீளத்துக்கும் செறிவுக்கும் ஏற்றபடி செய்யப்பட்டது. பொருந்தாத விளக்கில் மேற்பரப்பு இறுகி, அடி இறுகாமல் நிற்கும். தொட்டுப் பார்த்தால் தெரியாது. நான்கு விரலோடு கட்டைவிரலையும் சேர்த்து நுழைத்தால் அது சாய்ந்து படுத்துவிடும், கதிர் நேராகப் படாது. அதனால்தான் கவனமானவர்கள் கட்டைவிரலைத் தனியாக வைக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. விளக்கிலிருந்து எடுத்ததும் பல ஜெல்களின் மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் இருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் மேற்பரப்பை இறுக விடாததால் மிஞ்சியது. அதை அற்ககோல் நனைத்த பஞ்சால் துடைத்தெடுப்பார்கள். அதே பஞ்சால் பத்து நகத்தையும் துடைத்து, விரல் நுனியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தால், இறுகாத ஜெல்லைப் பத்து விரலுக்கும் மருந்துபோல் பூசிவிட்டதாகும்.

வீட்டில் பூசிக்கொள்ளும் பெட்டிகளில் இத்தனையும் ஒன்றாக நடக்கின்றன. விரல் நீளத்துக்குக் குட்டி விளக்கு, பெயர் வாசிக்க முடியாத ஆறு போத்தல், இரண்டு நிமிட வீடியோ. இணையக் கடைகளிலும் புறக்கோட்டையிலும் சலூன் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. வலக்கைக்காரர் இடக்கையால் பூசும்போது நகத்தில் படுவதைவிடத் தோலில் படுவது அதிகம். இளம் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக இதைக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சலூனுக்கு வருகிறவரைவிட அங்கே வேலை செய்கிறவர்தான் இதில் அதிகம் மாட்டுகிறவர். வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை, என் நகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய ஆட்காட்டிவிரல் நுனி வெடித்து, உப்புத்தாள் போல இருப்பதைக் கண்டேன். கேட்டதற்கு, "சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை அக்கா, வேலையிலிருந்து வீட்டுக்குப் போய் நின்றால் குறைகிறது" என்றாள். விடுமுறையில் குறைந்து வேலைக்கு வந்தால் திரும்புவது வேலையிடத்து ஒவ்வாமையின் அடையாளம். தூரிகை பிடிக்கும் கையின் பெருவிரலும் ஆட்காட்டிவிரலும்தான் இத்தொழிலில் முதலில் பாதிக்கப்படுபவை. அவளிடம் கையுறை இருந்தது. ஆனால் மெல்லிய நைட்ரைல் கையுறையை மெத்தாக்ரிலேட் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும்; ஜெல் பட்டவுடன் மாற்றினால்தான் பயன், ஒரு நாள் முழுவதும் ஒரே சோடியைப் போட்டுக்கொண்டிருந்தால் அது ஒத்தடம் வைத்ததுபோலத்தான். தோல் நோய் வைத்திய நிபுணர் ஒருவரிடம் போனால் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க முடியும்: சிறு அளவு ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்து, மறுபடியும் இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். நாட்சம்பளக்காரப் பிள்ளை அத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு வருவாளா என்பது வேறு கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹேமா கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறைப் பாவனைக்கு மட்டும் என்று வரையறுத்து, ஒவ்வாமை ஏற்படலாம் என்ற எச்சரிக்கையையும் போத்தலில் போடச் சொல்லியிருக்கிறது. 2025 செப்டெம்பர் 1 முதல், ஜெல்லில் ஒளி உணரும் பொருளாகப் பயன்பட்ட டிபிஓவை அழகுசாதனங்களில் முற்றாகத் தடைசெய்தது. விலங்குகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் இனப்பெருக்கத்துக்குக் கேடு தெரிந்ததே காரணம். நகத்தில் பூசிய பெண்களுக்கு நேர்ந்ததை வைத்து எடுத்த முடிவு அல்ல. எனவே அதற்கு முன் பூசியவர்கள் பதற வேண்டியதில்லை. ஆனால் அங்கே விற்க முடியாத போத்தல் வேறெங்காவது விற்கப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் பற்றிய சட்டத்துக்குப் பதிலாக 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டம் வந்தது. பழைய சட்டத்தின் பெயரில் முதலில் நின்றது அழகுசாதனம். புதியது பேசுவது மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் இரண்டுக்கும் இடைப்பட்ட பொருட்களையும். போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கும் பொறுப்பு நடைமுறையில் வாங்குகிறவர் தலையில்தான். 'ஹேமா இல்லை' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நல்லது. ஆனால் அதன் இடத்தில் பெரும்பாலும் அதன் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், ஏற்கெனவே ஒவ்வாமை வந்த தோல் அவளையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இனி அந்த விளக்கு. புற ஊதா விளக்கு, எல்.இ.டி. விளக்கு என்று பிரித்துச் சொல்லி, இரண்டாவது பாதிப்பில்லாதது என்பார்கள். இரண்டும் நீள் அலைப் புற ஊதாக் கதிரையே பாய்ச்சுகின்றன, எல்.இ.டி.யில் நேரம் மட்டும் குறைவு. 2023 ஜனவரியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களை இந்த விளக்கின் கீழ் 20 நிமிடம் வைத்தபோது 20 முதல் 30 சதவீதமானவை இறந்தன என்றும், மிஞ்சியவற்றின் மரபணுவில் சேதம் இருந்தது என்றும் வெளியிட்டார்கள். வட்ஸ்அப் குழுக்களில் அன்று சுற்றத் தொடங்கியது இன்னும் சுற்றுகிறது. கிண்ணத்து உயிரணுவுக்கு மேல்தோல் கிடையாது. சலூனில் எவரும் ஒரே இருப்பில் 20 நிமிடம் வைப்பதும் இல்லை. 2014இல் அமெரிக்காவில் 16 சலூன்களின் 17 விளக்குகளை அளந்த ஆய்வு, விளக்குக்கு விளக்கு வீச்சு மிகவும் வேறுபடுகிறது என்றும், புற்றுநோய் ஆபத்து சிறியது என்றும் முடித்தது. என் கணிப்பு: பத்து வருடம் மாதந்தோறும் போகிறவர் கவனிக்க வேண்டிய விடயம், கலியாணத்துக்குப் போகிறவர் தூக்கம் கெட வேண்டிய விடயம் அல்ல. விரல் நுனி வெட்டிய பழைய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம், அல்லது சூரியக் கதிர்த் தடுப்புக் கிறீமை வீட்டிலேயே கையில் பூசிக்கொண்டு போகலாம். செலவு ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு மருந்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். டொக்சிசைக்ளின். நம் நாட்டில் எலிக்காய்ச்சல் தடுப்புக்கும் முகப்பருவுக்கும் சாதாரணமாகக் கொடுக்கப்படுவது. இதைக் குடிக்கிறவர்களின் தோலும் நகப்படுக்கையும் புற ஊதாக் கதிருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கோபிக்கும். நகம் வலியோடு எழும்பிவிடுவதும் நடக்கும். பருவுக்கு மாதக்கணக்கில் அதைக் குடிக்கும் பெண்தான் கலியாணத்துக்கு ஜெல்லும் போடுகிறவள். மாத்திரை முடியும்வரை கியூட்டெக்ஸோடு நிற்பது நல்லது.

பூச்சு எதை மறைக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். மழைக்காலத்தில், எழும்பிய ஜெல்லுக்கு அடியில் ஈரம் தங்கிச் சூடோமோனஸ் என்ற பக்டீரியா வளர்ந்தால் நகம் பச்சையாகிவிடும். பச்சை தெரிந்தால் எடுத்து, நகத்தை உலர வைத்து, வைத்தியரிடம் காட்ட வேண்டும். மேலே இன்னொரு அடர்ந்த நிறம் பூசி மறைப்பது அந்தப் பக்டீரியாவுக்குக் கூரை போட்டுக் கொடுப்பது. நம் நிறத்தவர்களின் நகத்தில் வேரிலிருந்து நுனிக்கு ஓடும் கறுப்புக் கோடு பெரும்பாலும் தீங்கற்றது. ஒரே விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டு போகும் கோடு மட்டும் நகத்தடிப் புற்றாக இருக்கக்கூடும். வருடம் முழுவதும் பூச்சுக்கு அடியில் இருக்கும் நகத்தில் அது எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பூச்சுக்கு நடுவே பகல் வெளிச்சத்தில் பத்து விரலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

சத்திரசிகிச்சைக்குப் போகும்போது ஒரு நகமாவது வெறுமையாக இருக்க வேண்டும். இரத்தத்தில் ஒட்சிசன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி, கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்தோமே அது, நகத்தினூடாக ஒளி பாய்ச்சித்தான் அளக்கிறது. பூச்சு அளவைச் சற்றே பிசகச் செய்யலாம். நகத்தின் நிறத்தைப் பார்த்து நிலைமையை அறியும் வைத்தியருக்கும் அது தடை. கியூட்டெக்ஸ் என்றால் தாதி பஞ்சால் துடைத்துவிடுவார். சிசேரியனுக்கு அவசரமாகக் கொண்டுபோகும்போது ஜெல்லை ஊறவைக்க எவருக்கும் நேரம் இருக்காது. கர்ப்பிணிகள் கடைசி மாதத்தில் எடுத்துவிட்டால் தொல்லை இல்லை. தாதியர் போடக்கூடாது என்பதற்குக் காரணம் இன்னொன்று: நோயாளியைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் செயற்கை நகம் வைக்கக்கூடாது, சொந்த நகமும் அரைச் சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டல்.

ஏற்கெனவே கெட்ட நகத்துக்கு என்ன செய்வது? குட்டையாக வெட்ட வேண்டும். நீளமாக இருந்தால் மெலிந்த தகடு மடிந்து கிழியும். பாத்திரம் கழுவும்போது கையுறை. தண்ணீரில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறுவதுதான் மெலிந்த நகத்தின் அடுக்குகளைப் பிரிக்கிறது. ஈரக்காற்றும் தண்ணீர் வேலையும் ஓயாத நம் வீடுகளில் இதன் பங்கு ஜெல்லின் பங்குக்குக் குறைந்ததல்ல. கை கழுவிய பிறகு நகக்கண்ணில் தேங்காயெண்ணெயோ வசலினோ தடவினால் போதும். விலையுயர்ந்த நக எண்ணெய்களுக்கு நான் பணம் கொடுக்கமாட்டேன். 'நகம் உறுதியாக்கும்' பூச்சுகளில் சிலவற்றில் ஃபோர்மல்டிஹைட் இருக்கும். முதலில் விறைக்கும், பிறகு நொறுங்கும்.

பயோட்டின் மாத்திரையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம் அளவுதான். முட்டையிலும் கடலையிலும் சாதாரணமாகவே கிடைக்கிறது. கடையில் விற்கும் மாத்திரையில் 5,000, 10,000 என்று இருக்கும். சேதமான நகத்தை அது மீட்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நகம் எப்போதும் நொறுங்கிக்கொண்டிருந்தால் இரும்புச் சத்தும் தைரோயிட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது பயனுள்ளது. அந்த இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் குடிப்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதிக அளவு பயோட்டின் தைரோயிட் பரிசோதனையின் முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரொபோனின் முடிவையும் பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்திருக்கிறது.